கோங்குவாவையும் பார்த்து வருக

விவசாயிகளுள் சிலரைத் தெரிந்தெடுத்து அயல்நாடுகளுக்கு அனுப்பி, ஆங்குள்ள சாகுபடி முறைகளை நேரிற் பார்த்து வரும்படி செய்வது இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. இஸ்ரேல் நாட்டுச் சொட்டுநீர்ப் பாசனத்தையும், ஹாலந்து தேசத்துக் கண்ணாடி மனைகளையும் கண்டு வந்தவர்கள் நம்மிடையே உளர். அவர்கள் திரும்பி வந்து கூட்டங்களிற் பேசுகிறார்கள். நாமும் கேட்டு ஆச்சரியப்படுகிறோம். அம்முயற்சியைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், பார்த்து வருவதற்கென்று தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் யாவும் வெற்றி கண்ட இடங்களாகவே இருப்பது சரியன்று என்பது நமது அபிப்பிராயம். நன்றாக விளைந்த வயலில் விளைச்சலின் காரணம் இன்னதென்று பிரித்தறிவது எளிதன்று. மண்ணா, மழையா, விதையா, ஆளா, கைப்பணமா என்று கேட்டால் எல்லாந்தான் என்று விடை வரும். கெட்டுப்போன வயலிலோ காரணம் மேலாகவே கிடக்கும். குனிந்து எடுப்பாரைத்தான் காணோம்.

ஆகையால், கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டிலுள்ள கோங்குவா என்னும் சிற்றூரையும் இனிமேல் யாத்திரை ஜாபிதாவிற் சேர்க்க வேண்டுமென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு முன்பாக ஒரு யோசனையை வைக்கிறோம்.

டார்-எஸ்-ஸலாம் துறைமுகத்திலிருந்து உள்நாட்டிலுள்ள டொடோமா நகரத்திற்கு 2024-ம் வருஷம் முதல் மின்சார ரயில் செல்கிறது. டொடோமாவுக்குக் கிழக்கே, பாட்டை வழியாக ஐம்பது மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் கோங்குவா இருக்கிறது. புல்லும் முட்புதரும் கலந்த மேட்டுச் சமவெளி அது. இடையிடையே பப்பரப்புளி மரங்கள் யானைக் கால்களைப் போன்ற அடிமரங்களோடு நிற்கின்றன. இராமேசுவரத்துப் பக்கத்திலும் மன்னார்த் தீவிலும் இம்மரத்தைப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வருஷத்தில் ஒரே மழைக்காலம். மார்கழியை ஒட்டித் தொடங்கிச் சித்திரையில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் ஏறக்குறைய ஒரு துளியும் இல்லை. சராசரி மழை 20 அங்குலம் என்பார்கள். நம்மவருள் மிக வறண்ட ஜில்லாக்களிற் பயிரிடுவோருங்கூட இதனினும் அதிகமான மழையையே பெறுகிறார்கள். அவ்வூர்க்காரர்கள் வாகோகோ என்னும் இனத்தார். மாடுகளே அவர்களுக்குச் செல்வம். சோளமும் கம்பும் பரம்பரைப் பயிர். மக்காச்சோளம், சூரியகாந்தி, நிலக்கடலை ஆகியவற்றையும் இன்று பயிரிடுகிறார்கள். நிலக்கடலைக்கு ஸ்வாஹிலி பாஷையிற் கரங்கா என்று பெயர்.

இந்தக் கரங்காவே கோங்குவாவை உலகமெங்கும் பேசச் செய்தது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயத்தில் பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. யுத்தத்திற்கு முன் நிலக்கடலையை மிகுதியாகக் கப்பலேற்றி வந்த இந்தியா, தன் ஜனங்களின் தேவை பெருகியதால் ஏற்றுமதியை ஒடுக்கிக்கொண்டது. 1946-ம் வருஷத்தில் யுனைட்டெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் நிர்வாகியாகிய பிராங்க் சாமுவேல் என்பவர், ஆப்பிரிக்காவில் ஆளற்றுக் கிடக்கும் முட்காட்டை யந்திரங்களால் அழித்து நிலக்கடலை விளைவிக்கலாமென்று பிரிட்டிஷ் சர்க்காருக்கு எடுத்துச் சொன்னார். ஜான் வேக்பீல்டு என்பவர் தலைமையில் ஒரு கமிஷன் சென்றது. அவர் டாங்கனீகாவில் விவசாய டைரக்டராக இருந்தவர். அனுபவமில்லாதவர் என்று சொல்ல இயலாது. கமிஷன் சுற்றிப்பார்த்தது ஏறக்குறைய ஒன்பது வாரம். அதிலும் பெரும்பகுதியை ஆகாய விமானத்திலிருந்து பார்த்தார்கள். 32 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கரை, ஒவ்வொன்றும் 30,000 ஏக்கர் கொண்ட 107 பண்ணைகளாக வகுத்து, சுமார் 2 கோடியே 40 லட்சம் பவுன் செலவிற் சாகுபடி செய்வதென்று திட்டம் பிறந்தது. 1947-ம் வருஷத் தொடக்கத்தில் கோங்குவாவில் வேலை ஆரம்பமாயிற்று.

நம் கிராம அதிகாரிகள் இவ்விடத்திற் சிறிது நிதானிக்க வேண்டுகிறோம். அந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட பெருங்காரணம், அது வெறுமையாகக் கிடந்தது என்பதே. ஒருவரையும் வெளியேற்ற வேண்டியதில்லை, சச்சரவு இல்லை, நஷ்டஈடு இல்லை என்று எண்ணி மகிழ்ந்தார்கள். அக்கம்பக்கமெல்லாம் உழுது பயிரிட்டு வாழும் ஜனங்கள் இந்த நிலத்தை மாத்திரம் ஏன் தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்தார்கள் என்ற கேள்வி எழவில்லை. தண்ணீர் இல்லாமையே முதற்காரணம். மழை ஓரிடத்திற் பெய்து அடுத்த இடத்திற் பெய்யாமற் போவது இரண்டாவது. அங்கே நிலம் வெறுமையாகக் கிடந்ததென்று சொல்வதுங்கூட முழு உண்மையன்று. மாடு மேய்ந்தது, தேன் எடுத்தார்கள், பப்பரப்புளி மரங்களுள் சில, முன்னோரை வழிபடும் இடங்களாயிருந்தன. கணக்குப் புத்தகத்தில் ‘தரிசு’ என்று ஒரு சொல்லை எழுதிவிடுவதாலே ஒரு நிலத்தின் சரித்திரம் முடிந்துவிடுவதில்லை என்பது நம் ஊர்க் கணக்கை எழுதுவோருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. மேய்ச்சற் புறம்போக்கின்மேல் ஏதேனும் ஒரு திட்டம் வரும்போது, அந்நிலத்தை நம்பிப் பிழைப்பவர் எவர் என்று மேலிடத்தார் கேட்பதில்லை. கேளாமலே எழுதியனுப்பும் கடமை ஊரிலிருப்பவருடையது.

இனி யந்திரங்களின் கதை. புதிய டிராக்டர்கள் அகப்படவில்லை. யுத்தத்திற்காகப் பிலிப்பைன்ஸ் தீவுகளிற் குவித்துவைத்து மிஞ்சிய பழைய டிராக்டர்களை வாங்கினார்கள். (மணிலாவிலிருந்து வந்ததென்று நம்மவர் நிலக்கடலைக்கு மணிலாக் கொட்டை என்றும், அதுவே தேய்ந்து மல்லாட்டை என்றும் பெயரிட்டதை எண்ணினால், அந்நகரத்துக்கும் கடலைக்கும் ஏதோ தொடர்பு விடாமல் இருந்திருக்கிறது.) ஷெர்மன் என்னும் யுத்த டாங்கிகளையும் டிராக்டர்களாக மாற்றி அனுப்பினார்கள். முட்புதர்கள் மேலுக்கு எளியனவாய்த் தோன்றின. வேர்களோ இரும்பையும் வளைப்பனவாய் இருந்தன. இரண்டு பெரிய யந்திரங்களுக்கு நடுவே கப்பற் சங்கிலியைக் கட்டி இழுத்துக் காட்டைச் சாய்க்கும் உபாயம் நன்றாகவே பலித்தது. ஆனால் சாய்ந்த காட்டின் வேர் மண்ணுக்குள்ளே நின்றது. வேரைக் களைவதற்குள் கலப்பைகள் தேய்ந்தும் முறிந்தும் போயின. மண்ணில் வெள்ளைக்கற்பொடி கலந்திருந்தமையால், அது அரத்தைப்போல் இரும்பை அராவிற்று. 1947-ம் வருஷக் கோடை கழிவதற்குள் வந்திறங்கிய டிராக்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு பயன்படாமற் போயின. முதல் வருஷத்தில் 1,50,000 ஏக்கர் திருத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். திருத்தியது சுமார் 7,500 ஏக்கர்.

இவை எல்லாம் பலராலும் எழுதப்பட்டவை. படிப்போருக்கு நகைப்பும் உண்டாகும். யந்திரம் பழுதானதே தோல்விக்குக் காரணம் என்று கருதிவிட்டால், நல்ல யந்திரம் கிடைத்திருந்தால் வெற்றி கிட்டியிருக்கும் என்று ஆகிவிடும். அது சரியன்று. நிலக்கடலை பயிரிடும் எவரும் அங்கேயுள்ள மண்ணை மழை நின்று ஒரு மாதம் கழித்துக் கையில் எடுத்துப் பார்த்தால் உண்மையை அறிந்துகொள்வார்.

நிலக்கடலைக்குப் பூ மேலே, காய் கீழே. பூ உதிர்ந்தபின் விழுது இறங்கி மண்ணைத் துளைத்துப் புகவேண்டும், புகுந்து பருக்கவேண்டும், பருத்தபின் செடியைப் பிடுங்கும்போது காயோடு வரவேண்டும். இம்மூன்றுக்கும் மண் இளகியிருக்க வேண்டும். ஆகையாலேதான் நம்முடைய செம்மண் மானாவாரிகளில், பிடுங்கும் சமயத்துக்கு ஒரு சிறு மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மண் இறுகிவிட்டால், செடி கையோடு வரும், காய் மண்ணோடு நிற்கும். பின்பு களைக்கொத்தால் ஒவ்வொன்றாய்க் கிளறி எடுக்கும் கூலி காயின் விலையைத் தின்றுவிடும். கோங்குவா மண் களிச்சேர்க்கையுள்ள செம்மண். மழையிற் பிசுபிசுக்கும், வெயிலிற் செங்கல்லாகும். அறுவடைப் பருவமோ மழை முற்றும் நின்றுபோகும் காலம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் யந்திரத்தைக் கொண்டு காயை எடுக்க முயன்றபோது, மண் விட்டுக்கொடுக்கவில்லை. பாரமான யந்திரங்கள் ஓடி ஓடி அந்த மண்ணை மேலும் அழுத்தியிருந்தன.

இதனை முன்னமே அறிய வழியில்லையா? இருந்தது. ஒரு ஏக்கரில், வேண்டாம், அரை ஏக்கரில், மூன்று வருஷம் கடலை விதைத்துப் பிடுங்கிப் பார்த்திருந்தாற் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு டிராக்டரின் சக்கர விலையிற் பாதி இராது. அருகிலேயே முப்வாப்வா என்னும் ஊரில் அந்நாட்டுச் சர்க்காரின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1930-களில் அங்கே, புல் மூடிய நிலத்தில் எவ்வளவு மழைநீர் ஓடுகிறது, மூடாக்கு நீங்கிய நிலத்தில் எவ்வளவு நீரும் மண்ணும் ஓடுகின்றன என்று சிறு பாத்திகளை அமைத்து அளந்து வந்தார்கள். அந்தப் பிரதேசத்து மண்ணைத் திறந்து விட்டால் என்ன நேரும் என்பதற்கு அத்தாட்சி அவர்களுடைய சொந்த இலாகாவின் கையிலேயே இருந்தது. ஆனால் பஞ்சம் என்றார்கள், அவசரம் என்றார்கள். அவசரத்தின் பேரால் மூன்று வருஷச் சோதனையைத் தள்ளியவர்கள், நான்கு வருஷத்தை முழுவதும் இழந்தார்கள்.

மழையின் சங்கதியும் இத்தகையதே. 20 அங்குலம் சராசரி என்று ஏட்டில் எழுதிக்கொண்டால் அது ஒவ்வொரு வருஷமும் பெய்வதுபோல் தோன்றும். அங்கே ஒரு வருஷம் பெருமழை, அடுத்த வருஷம் பாதி. பெய்த மழையிலும் பாதி நான்கைந்து நாட்களிற் கொட்டிவிட்டு, பூக்கும் சமயத்தில் மூன்று வாரம் முகம் காட்டாமற் போகும். 1949-ம் வருஷத்து வறட்சியில் கடலையும், அதற்குத் துணையாக விதைத்த சூரியகாந்தியும் காய்ந்தன. உணவு மந்திரி ஜான் ஸ்ட்ரேச்சி அதுவரையிலும் பார்லிமெண்டில் திட்டத்தை ஆதரித்தே பேசி வந்தார். 1951-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுன் வராக்கடன் ஆயிற்று. விதைக்காக வாங்கிய கடலையினும் விளைந்து வந்த கடலை குறைவு. கோங்குவாவுக்கு இட்ட கிளை ரயில் பாதை இன்று இல்லை. தெற்கே முத்வாரா துறைமுகத்திலிருந்து இத்திட்டத்துக்காகவே போட்ட ரயில் பாதையும் 1960-களிற் பெயர்த்தெடுக்கப்பட்டது. துறைமுகம் மாத்திரம் நிலைத்தது.

வாகோகோ மக்கள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரே இடத்தில் ஒரே பயிரை விதைப்பவர் அல்லர். மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்துக் கரிய மண்ணில் ஒரு துண்டு என்று பிரித்து விதைப்பார்கள். மாடுகளையும் ஒரே பட்டியில் அடைக்காமல், தூரத்திலுள்ள உறவினரிடத்தும் சிநேகிதரிடத்தும் சிலவற்றை விட்டு வைப்பார்கள். ஓரிடத்தில் நோயோ வறட்சியோ வந்தாலும் மற்றோரிடத்திற் பிழைக்கும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது ஒழுங்கற்ற வாழ்வாகத் தோன்றிற்று. 30,000 ஏக்கரில் ஒரே பயிரை வைப்பதே ஒழுங்காகத் தோன்றிற்று.

இக்குற்றம் வெள்ளைக்காரருக்கே உரியதென்று எண்ணி நாம் தேறுதல் அடைவதற்கில்லை. டாங்கனீகா 1961-ல் விடுதலை பெற்றது. 1964-ல் சான்சிபாருடன் சேர்ந்து தான்சானியா ஆயிற்று. 1967-ல் ஜனாதிபதி நைரேரே அரூஷாப் பிரகடனத்தை வெளியிட்டார். அவர் அந்த மண்ணிற் பிறந்தவர், ஏழைகளின்பால் அன்புள்ளவர், தமக்கென்று பொருள் சேர்க்காதவர். சிதறி வாழும் ஜனங்களை ஒரே கிராமத்திற் குடியேற்றினால் பள்ளிக்கூடமும் குடிநீரும் வைத்தியமும் எளிதாய்க் கொடுக்கலாமென்று அவர் கருதியது நியாயமே. ஆனால் 1970-களில் டொடோமாப் பிரதேசத்திலும் பிற இடங்களிலும் லட்சக்கணக்கானவரைப் பலவந்தமாகவே புது ஊர்களுக்குக் கொண்டுசேர்த்தபோது, வயல் தூரமாயிற்று. மாடுகள் ஊரைச் சுற்றியே மிதித்துப் புல்லை அழித்தன. பிரித்து விதைக்கும் வழக்கத்துக்கு இடமில்லாமற் போயிற்று. பள்ளிக்கூடம் வந்தது உண்மை. விளைச்சல் ஏறவில்லை என்பதும் உண்மை. அன்புள்ளவரானாலும் கேளாமற் செய்த காரியம் கேளாமற் செய்த காரியமே.

இவ்வளவும் படித்தவர்கள், கோங்குவாவில் நிலக்கடலை விளையாது என்று தீர்மானித்திருப்பார்கள். அங்கேதான் பார்த்து வருவதற்கான விஷயம் இருக்கிறது. கோங்குவா ஜில்லாவில் இன்று நிலக்கடலை விளைகிறது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று குடும்பங்கள், அதிலும் பெண்கள், மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தி விதைக்கிறார்கள். மண் முற்றும் இறுகுமுன் கையாற் பிடுங்குகிறார்கள். மழை பொய்த்தால் கடலை போகும், கம்பு நிற்கும். பிரிட்டிஷ் பணத்தால் ஆகாதது இவர்கள் கையால் ஆகிறது. மகசூல் அதிகமென்று நாம் சொல்லவில்லை. குறைவுதான். ஆனால் குறைவென்பது வேறு, இல்லையென்பது வேறு. அன்று யந்திரங்கள் உழுத நிலத்தின் ஒரு பெரும்பகுதியில் சர்க்கார் மாட்டுப் பண்ணை நடக்கிறது; வாகோகோ மக்கள் அந்நிலத்தை எதற்காக விட்டு வைத்திருந்தார்களோ அதற்கே அது திரும்பியிருக்கிறது.

2010-களில் அந்த ஜில்லாவிலும் பக்கத்துக் கிடெட்டோ ஜில்லாவிலும் நடந்த சோதனைகளை நம் இலாகாவினர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்சேருவில் தலைமை ஸ்தானத்தையுடைய இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தாரும் அந்நாட்டு ஆராய்ச்சியாளரும் அதிற் சேர்ந்திருந்தார்கள். தாய் வயல், சேய் வயல் என்று ஒரு முறையை அவர்கள் கைக்கொண்டார்கள். ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் எல்லா ரகங்களையும் முறைகளையும் பாத்தி பாத்தியாக வைப்பது தாய் வயல். அதைப் பார்த்துச் செல்லும் விவசாயி, அவற்றுள் தமக்குப் பிடித்த இரண்டு மூன்றை மாத்திரம் எடுத்துத் தம் நிலத்தில், தம் ஏர், தம் ஆள், தம் எருவைக் கொண்டே வைத்துப் பார்ப்பது சேய் வயல். எது தேறிற்று என்று சொல்லுபவர் விவசாயியே. மக்காச்சோளத்திற்கு ஊடே துவரை, மழைநீரை நிறுத்தும் தடைப்பாத்திகள், குறைந்த நாளில் முதிரும் கடலை என்று இப்படிப் பலவும் பரிசோதிக்கப்பட்டன. சில எடுபட்டன, சில விடப்பட்டன. நம் ஊர்களில் இலாகா வைக்கும் மாதிரி வயல்களில் விதையும் உரமும் இனாம், மேற்பார்வைக்கு உத்தியோகஸ்தர், பாட்டையோரத்தில் நல்ல நிலம், பெயர்ப்பலகை. அப்படிப்பட்ட வயல் விளையாமற் போனால் அதிசயம். ஐந்தாறு ஏழை விவசாயிகளின் மேட்டு நிலத்தில், அவர்கள் சக்திக்கேற்ற செலவில் விளைந்ததா என்பதல்லவா கேள்வி?

விவசாயியின் அனுபவமே போதும், இலாகா வேண்டாம் என்று நாம் சொல்வதாகச் சிலர் கொள்ளக்கூடும். அதற்கும் கோங்குவாப் பக்கத்திலிருந்தே விடை உண்டு. 2016-ம் வருஷத்தில் டொடோமா, மன்யாரா ஆகிய பிரதேசங்களில் தம் வீட்டிற் சேமித்த மக்காச்சோளத்தை உண்டவர்கள் நோயுற்றார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அஃபிளாடாக்சின் என்னும் பூஞ்சை விஷமே காரணம். நிலக்கடலையிலும் இது உண்டாவது. காய் முற்றும் சமயத்தில் வறட்சி தாக்கினாலும், பிடுங்கும்போது காயில் வெட்டுப்பட்டாலும், காயவைப்பதில் தாமதித்தாலும், ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் பூஞ்சை பிடிக்கும். விஷத்துக்கு நிறமில்லை, ருசியில்லை. 1960-ல் இங்கிலாந்தில், பிரேஸில் தேசத்துக் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் லட்சம் அளவில் மடிந்த பிறகே உலகம் இதை அறிந்தது. எந்தப் பாட்டனாருடைய அனுபவமும் இதைச் சொல்லியிராது. இவ்விடத்தில் விவசாயி கேட்கவேண்டியவர். ரசாயன சாலை வைத்திருப்பவர் சொல்லவேண்டியவர். கோங்குவாவில் இப்போது கடலையை உடனே உலர்த்துவதையும், சுருங்கிய பருப்பையும் நிறம் மாறியதையும் பொறுக்கி நீக்குவதையும் கற்பிக்கிறார்கள். நம் கமிட்டி மண்டிகளில், பொறுக்கி நீக்கிய பருப்பை எறியாமல் மலிவு விலைக்கு எண்ணெய்க்கும் தீனிக்கும் விற்றுவிடும் வழக்கத்தைப் பற்றித் தனியே ஒரு வியாசம் எழுதவேண்டியிருக்கிறது, இப்போது விட்டுவிடுகிறோம்.

இன்னொரு சங்கதியும் உண்டு; அது நம்மைத் தொடுவது. தான்சானியாவில் விளையும் துவரையிற் பெரும்பகுதி அங்கே உண்பதற்கன்று, இந்தியாவுக்கு விற்பதற்கே. நம் குழம்புக்காக அவர்கள் விதைக்கிறார்கள் என்றே சொல்லலாம். 2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், இங்கே துவரை விலை விழுந்துவிட்டதென்று இந்திய சர்க்கார் இறக்குமதிக்கு அளவு விதித்தார்கள். நம் விவசாயிகளைக் காக்கவே அது செய்யப்பட்டது. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் விதைத்து முடித்து, அறுவடையும் ஆன பிறகு வந்த அந்த உத்தரவால் அங்கே விலை சரிந்தது, வாங்குவாரில்லாமற் போயிற்று. ஒரு பருவம் முன்னதாகத் தெரிந்திருந்தால் அவர்கள் வேறு எதையேனும் விதைத்திருப்பார்கள். நமது நாட்டிலும் வெங்காயத்துக்கோ சர்க்கரைக்கோ நடுப்பருவத்தில் ஏற்றுமதித் தடை வரும்போது நாம் இதே குரலிற் புலம்புகிறோம். கோங்குவாவுக்குச் செல்பவர்கள், அவ்வூர்க்காரர் இதைப்பற்றிக் கேட்டால் தலைகுனியாமல் விடை சொல்ல ஆயத்தமாய்ச் செல்லவேண்டும்.

தோல்வியுற்ற இடத்தைப் பார்க்கப் பணம் செலவிடுவதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். நம் ஜில்லாக்களிலேயே கைவிடப்பட்ட திட்டங்கள் இல்லையா, அவற்றைப் பார்த்தாற் போதாதா என்றால், போதும், பார்க்க விடுவார்களானால். நம்மிடையே ஒரு திட்டம் கெட்டுப்போனால் அது கெட்டதென்று எவரும் எழுதுவதில்லை. ‘இவ்வருஷம் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை’ என்று எழுதுகிறார்கள். அடுத்த வருஷம் அதன் பெயரையே எழுதுவதில்லை. கோங்குவாவின் விசேஷம், அதன் கணக்கு முழுவதும் வெளியாகிவிட்டது என்பதே. எத்தனை ஏக்கர் என்று சொன்னார்கள், எத்தனை ஏக்கர் திருத்தினார்கள், எவ்வளவு பணம் போயிற்று என்பவை பார்லிமெண்டு விவாதத்திலும் புத்தகங்களிலும் அச்சாகிக் கிடக்கின்றன. தங்கள் தோல்வியை அச்சிட்டு வைத்த விஷயத்தில் அந்தச் சர்க்காரை மெச்சத்தான் வேண்டும்.

ஆகையால் கிராம அதிகாரிகளிடம் நாம் எதிர்பார்ப்பது பெரிதன்று. மழைமானி உள்ள ஊர்களில் ஒவ்வொரு நாளும் பெய்ததை அன்றே குறிக்கவேண்டும். மாதக் கடைசியில் உத்தேசமாக நிரப்பலாகாது. புது விதையோ கருவியோ ஊருக்கு வந்தால், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதோடு நில்லாமல், இரண்டாம் வருஷம் எத்தனை பேர் அதைத் தொடர்ந்தார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று எழுதியனுப்ப வேண்டும். இரண்டாவது கேள்வியை மேலிடத்தார் படிவத்தில் அச்சிட்டிருக்க மாட்டார்கள். படிவத்தின் பின்புறம் வெற்றிடம் உண்டு.

நிலமுடையோர்க்கும் ஒரு வார்த்தை. கோங்குவாவில் ஆளற்ற நிலத்தின் காரணத்தை அறிந்திருந்தவர்கள் அங்கே மாடு மேய்த்த சிறுவர்களும், மண்வெட்டி பிடித்த பெண்களும். நம் பண்ணைகளிலும் எந்த மூலையில் மண் முதலில் இறுகும், எந்த வரப்பின் கீழ் நீர் கசியும் என்பதை அறிந்தவர் பட்டாதாரராக இராமல், களையெடுக்கும் கூலிக்காரராக இருக்கலாம். பக்கத்து நிலக்காரரிடம் யோசனை கேட்பதில் நமக்குக் கூச்சமில்லை; நம் நிலத்தில் வேலை செய்பவரிடம் கேட்பதில் இருக்கிறது.

யாத்திரைக்கு ஏற்ற காலம் சித்திரை வைகாசி. அப்போதுதான் அங்கே கடலை பிடுங்குகிறார்கள். மண் இறுகத் தொடங்கும். நான்கு பேர் போதும். அவர்களுள் ஒருவர், தம் நிலத்தில் மணிலா விதைத்துப் பிடுங்கும் சமயத்து மழையில்லாமல் ஒரு வருஷமேனும் காயை மண்ணில் இழந்தவராக இருக்கவேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். அங்கே கடலையைப்பற்றிச் சொல்லக்கூடியவர்கள் பெண்கள். செல்வோர் கையில் ஒரு களைக்கொத்து இருந்தால் நல்லது. திரும்பி வந்தபின் கூட்டத்திற் பேசவேண்டியதில்லை. பார்த்ததை எழுதியனுப்பினால், இப்பத்திரிகையில் நான்கு பக்கம் அதற்கு ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம்.